ராமச்சந்திரன் பிளாட்டும் அக்காவின் ஹெச்-இண்டெக்ஸும்

டிஸ்கி: நான் உயிரியல் படித்தது பத்தாம் வகுப்போடு சரி. பதினொன்றாவதில் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப், அப்புறம் இன்ஜினியரிங், அப்புறம் எல்லோரும் போகிற வழி. அதனால் கீழே வரும் புரோட்டீன் சமாச்சாரங்களை அக்கா ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டாள். கருத்துகளுக்கு மட்டும் நான் பொறுப்பு.

உலகத்தில் எந்த மூலையில் புரோட்டீன் ஆராய்ச்சி செய்கிறவரிடம் போய் 'ராமச்சந்திரன் பிளாட்' என்று சொன்னாலும் புரிந்துகொள்வார். நம் ஊரில் சொன்னால்தான் பிரச்சினை. ராமச்சந்திரன் என்றால் எம்.ஜி.ஆர்., பிளாட் என்றால் அரை கிரவுண்டு மனை. அக்கா முதல்முறை வீட்டில் இந்த வார்த்தையைச் சொன்னபோது அம்மா கேட்டது: "எந்த ஊர்ல? பட்டா இருக்கா?" :-)

மனை இல்லை. அது ஒரு வரைபடம். புரோட்டீன் என்பது ஒரு நீளமான சங்கிலி. சீட்டுக்கட்டு அட்டைகளை மூலையோடு மூலை நூலில் கோத்ததுபோல கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒவ்வொரு அட்டையும் விறைப்பாக இருக்கும், வளையாது. ஆனால் இரண்டு அட்டைகள் சேரும் முனையில் இரண்டு பக்கமும் திருகலாம். இந்த இரண்டு திருகல் கோணங்களுக்கு ஃபை, சை என்று பெயர். ஒன்றை எக்ஸ் அச்சிலும் இன்னொன்றை ஒய் அச்சிலும் வைத்து, எந்தெந்தக் கோணத்தில் அணுக்கள் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளாமல் இருக்கும் என்று குறித்துக்கொண்டே போனால் கடலில் தீவுகள் மாதிரி சில திட்டுகள் மட்டும் மிஞ்சும். கிட்டத்தட்ட முக்கால்வாசி இடம் 'இங்கே வராதே'. யாராவது ஒரு புது புரோட்டீனின் வடிவத்தைக் கண்டுபிடித்தேன் என்று வந்தால் முதலில் அதன் கோணங்களை இந்தப் படத்தில் போட்டுப் பார்ப்பார்கள். புள்ளிகள் நிறைய கடலில் விழுந்தால், தம்பி எங்கேயோ சொதப்பியிருக்கிறார் என்று அர்த்தம்.

என் பாஷையில் சொன்னால் இரண்டு ஃபார் லூப், உள்ளே ஒரு இஃப். அரை மணி நேர வேலை. ஜி.என்.ராமச்சந்திரனும் அவரோடு இருந்த சி.ராமகிருஷ்ணன், வி.சசிசேகரன் இருவரும் இதை மேசைக் கால்குலேட்டரை வைத்துக்கொண்டு சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் செய்தார்கள். 1963-ல் ஒரு பத்திரிகையில் வெளியானது. ஐந்தே பக்கம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் படத்தை கம்ப்யூட்டரில் போட்டுத்தருவதற்கு 1993-ல் புரோசெக் என்று ஒரு சாஃப்ட்வேர் வந்தது. புரோட்டீன் வடிவம் சரியா என்று பல சோதனைகள் செய்யும், அதில் முதன்மையானது ராமச்சந்திரன் பிளாட். ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுகிறவர்கள் 'ராமச்சந்திரன் பிளாட்டில் இத்தனை சதவீதம் நல்ல இடத்தில் இருக்கிறது' என்று எழுதிவிட்டு, பக்கத்தில் புரோசெக் கட்டுரையின் எண்ணைப் போடுவார்கள். 1963 கட்டுரையின் எண்ணைப் போடமாட்டார்கள். விளைவு, கூகிள் ஸ்காலரில் போய்ப் பார்த்தால் புரோசெக் கட்டுரைக்கு 1963 கட்டுரையைவிடப் பல மடங்கு சைட்டேஷன். படம் வரையும் கருவிக்கு மதிப்பெண், படத்தைக் கண்டுபிடித்தவருக்குப் பெயர் மட்டும்.

புரோசெக் எழுதியவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நானும் அந்த ஜாதிதான். யாரோ கண்டுபிடித்ததைப் பத்து பேர் சுலபமாகப் பயன்படுத்தும்படி செய்து சம்பளம் வாங்குகிறவன்.

யாருமே திட்டமிட்டு இருட்டடிப்பு செய்வதில்லை என்பதுதான் இதில் வேடிக்கை. நீங்கள் கோடு எழுதும்போது ஹாஷ் டேபிள் பயன்படுத்துகிறீர்கள். அதை முதலில் யோசித்தவரின் பெயரை கமெண்ட்டில் போடுகிறீர்களா? ஒரு விஷயம் எல்லோருக்கும் தெரிந்த பொதுச் சொத்து ஆகிவிட்டால் அதற்கு ஆதாரம் காட்டுவது நின்றுபோகும். ராபர்ட் மெர்ட்டன் என்ற சமூகவியலாளர் இதற்கு ஒரு பெயரே வைத்திருக்கிறார். உள்ளே கலந்துவிட்டதால் காணாமல் போவது என்று தமிழில் சொல்லலாம். பாலில் கரைந்த சர்க்கரையை யார் எண்ணுவது?

2014-ல் நேச்சர் பத்திரிகை எக்காலத்துக்கும் அதிகம் சைட் செய்யப்பட்ட 100 கட்டுரைகளைப் பட்டியல் போட்டது. முதலிடம், ஒரு திரவத்தில் எவ்வளவு புரோட்டீன் இருக்கிறது என்று அளப்பதற்கு 1951-ல் லௌரி என்பவர் சொன்ன வழிமுறை. 3 லட்சத்துக்கும் மேல். டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருளைச் சொன்ன வாட்சன், கிரிக்கின் 1953 கட்டுரை அந்த நூறிலேயே இல்லை! இன்னொரு கூத்தும் உண்டு. ஷெல்எக்ஸ் என்று படிகங்களின் வடிவத்தைக் கணிக்கும் சாஃப்ட்வேர். அதை எழுதிய ஷெல்ட்ரிக், 2008-ல் அதன் வரலாற்றை ஒரு கட்டுரையாக எழுதி, பயன்படுத்துகிறவர்கள் இதை சைட் செய்யுங்கள் என்று சொன்னார். எல்லோரும் சொன்னபடி செய்தார்கள். அதுவரை 2 சொச்சம் இருந்த அந்தப் பத்திரிகையின் இம்பாக்ட் ஃபாக்டர் 2009-ல் கிட்டத்தட்ட 50-க்குப் போய் நின்றது. ஒரே ஒரு கட்டுரையால்.

இதையெல்லாம் நான் ஏன் நோண்டிக்கொண்டிருக்கிறேன் என்றால், காரணம் அக்கா.

அக்கா மூலக்கூறு உயிரியலில் பி.ஹெச்டி. முடித்து, வெளிநாட்டில் போஸ்ட் டாக் முடித்து, இப்போது இங்கே உதவிப் பேராசிரியர் வேலைக்கு விண்ணப்பித்துக்கொண்டிருக்கிறாள். சில மாதங்களுக்கு முன் ஓர் இடத்தில் இண்டர்வியூ. இருபது நிமிடம் பேசுவதற்கு ஸ்லைடு எல்லாம் தயார் செய்துகொண்டு போனாள். மூன்றாவது ஸ்லைடில் ஒருவர் நிறுத்தி, "உங்க ஹெச்-இண்டெக்ஸ் எவ்வளவு மேடம்?" என்றாராம். "நாலு சார்." "ஓ." அவ்வளவுதான். அந்த 'ஓ'வுக்குப் பிறகு யாரும் ஸ்லைடைப் பார்க்கவில்லை என்றாள்.

தெரியாதவர்களுக்கு: ஹெச்-இண்டெக்ஸ் 4 என்றால், குறைந்தது 4 தடவையாவது சைட் செய்யப்பட்ட கட்டுரைகள் உங்களிடம் 4 இருக்கின்றன என்று பொருள். 2005-ல் ஜோர்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் சொன்ன கணக்கு. பார்க்க எளிமையாக இருப்பதால் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. சைட்டேஷனை எண்ணுவது அதற்கும் முன்பே, 1960களில் யூஜின் கார்ஃபீல்ட் ஆரம்பித்து வைத்தது. எந்தக் கட்டுரை எதோடு தொடர்புடையது என்று தேடிப்பிடிக்கத்தான் அவர் அந்த அட்டவணையைப் போட்டார். ஆளை எடைபோடுவது பின்னால் சேர்ந்துகொண்டது.

நெய்வேலியில் வளர்ந்தவர்களுக்கு இந்த எண் வியாதி புதிதில்லை. டவுன்ஷிப்பில் ஒரு பிளாக்கில் ஒரு பையன் கட் ஆஃப் 196 எடுத்தால் அடுத்த பிளாக் வரைக்கும் செய்தி போகும். அம்மாவும் இதை அப்படித்தான் எடுத்துக்கொண்டார். "நாலுன்னா எத்தனைக்கு நாலு?" என்று என்னிடம் தனியாகக் கேட்டார். மொத்தம் என்று ஒன்று கிடையாதும்மா என்று சொன்னால் நம்பவில்லை.

அக்காவுக்கு ஏன் நாலு? பி.ஹெச்டி.யில் நான்கு வருடம் ஒரே ஒரு புரோட்டீனோடு மல்லுக்கட்டினாள். செல்லின் சவ்வுக்குள் உட்கார்ந்திருக்கும் ரகம். எக்ஸ்ரே அடித்து வடிவம் பார்க்க வேண்டும் என்றால் முதலில் அதைப் படிகமாக்க வேண்டும். சவ்விலிருந்து பிரித்தெடுத்தால் கட்டி தட்டிப்போகும், சோப்பு மாதிரி ஒன்றைக் கலந்து கரைத்தால் படிகமாகாது. நூற்றுக்கணக்கான சோப்பு, உப்பு, வெப்பநிலைச் சேர்க்கைகள். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் அதைச் சுத்தமாகப் பிரித்தெடுப்பது எப்படி என்று மட்டும் ஒரு சின்னக் கட்டுரை போட்டாள். சில வருடம் கழித்து ஒரு வெளிநாட்டுக் குழு படிகமே தேவைப்படாத கிரையோ எலக்ட்ரான் நுண்ணோக்கி முறையில் (2017 வேதியியல் நோபல் வாங்கிய முறை) அதே புரோட்டீனின் வடிவத்தைக் கண்டுபிடித்துவிட்டது. புரோட்டீனைப் பிரித்தெடுக்க அவர்கள் பின்பற்றியது அக்காவின் வழிமுறையை. அதற்கு ஒரு சைட்டேஷன் போட்டிருந்தார்கள். நான்கு வருடத்துக்கு ஒரு சைட்டேஷன்.

அப்பாவிடம் இதை விளக்கினேன். அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். எங்கள் ஊர் நிலக்கரி மேலாக இருக்காது, ஒரு டன் எடுக்க ஐந்தாறு கன மீட்டர் மேல்மண்ணை வெட்டித் தள்ள வேண்டும். அடியில் அழுத்தத்தோடு இருக்கும் ஊற்றுநீரை வேறு இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சுரங்கத்தின் தரையே பொத்துக்கொண்டு வரும். முழுக்கக் கேட்டுவிட்டு அப்பா சொன்னார்: "எங்க ரிப்போர்ட்ல ரெண்டு காலம் இருக்கும்டா. ஓவர்பர்டன் எத்தனை கன மீட்டர், லிக்னைட் எத்தனை டன். மண்ணு எடுத்தவனுக்கும் கணக்கு உண்டு. இவங்க ரிப்போர்ட்ல ஒரு காலம்தான் போல." அதற்கப்புறம் செய்தித்தாளை விரித்துக்கொண்டார்.

நான் விடவில்லை. அக்காவைத் தேற்ற வேண்டும் என்று ராமச்சந்திரன் கதையைத் தோண்டி எடுத்தேன். அது நிஜமாகவே நல்ல கதை.

எர்ணாகுளத்தில் 1922-ல் பிறந்தவர். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்துவிட்டு, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்கு மின் பொறியியல் படிக்கப் போனார். அங்கே சி.வி.ராமன் அவரை இயற்பியல் பக்கம் இழுத்துக்கொண்டார். கேம்பிரிட்ஜ் போய்த் திரும்பி, 1952-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைத் தலைவர். அடையாறில் பக்கத்திலேயே மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம். தோல் என்றால் கொலாஜன். நம் தோல், எலும்பு, தசைநாண் எல்லாவற்றையும் இழுத்துப் பிடித்திருக்கும் புரோட்டீன். அங்கிருந்து கங்காரு வால் தசைநாண் வாங்கிவந்து எக்ஸ்ரே படம் எடுத்தார்கள் (கங்காரு வால் எப்படி அடையாறுக்கு வந்தது என்பது தனிக்கதையாக இருக்க வேண்டும்). கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து, கொலாஜன் மூன்று இழைகள் சேர்ந்த ஒரு சுருள் என்று 1954-ல் நேச்சரில் எழுதினார். அடுத்த வருடமே, அந்த மூன்று இழையும் பின்னல் ஜடைபோல ஒன்றையொன்று சுற்றி முறுக்கியிருக்கிறது என்று திருத்தியும் எழுதினார்.

அதே 1955-ல் பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்ஸாண்டர் ரிச்சும் நேச்சரில் ஒரு கட்டுரை போட்டார்கள். சுருள் சரிதான், ஆனால் ராமச்சந்திரன் சொன்ன மாதிரி மூன்று அலகுக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்பு வைத்தால் அணுக்கள் ரொம்ப நெருங்கி இடிக்கின்றன, ஒன்றுதான் இருக்க முடியும் என்றார்கள். பின்னால் 1994-ல் படிகத்தில் பார்த்தபோது பிணைப்பு விஷயத்தில் அவர்கள் சொன்னது சரி என்று ஆனது. மூவிழை என்ற அடிப்படை மெட்ராஸிலிருந்து போனது. ஆனால் அந்தக் காலத்தில் மெட்ராஸ் எங்கே, டபுள் ஹெலிக்ஸ் புகழ் கிரிக் எங்கே. புகழ் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதற்கு அடுத்து வருவது. வேறு யாராக இருந்தாலும் பத்து வருடம் புலம்பியிருப்பார்கள், எதிர்க்கட்டுரையாக எழுதித் தள்ளியிருப்பார்கள். இவர், இடிக்கிறது என்கிறாயா, சரி, அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்கலாம் என்று பார்த்துவிடுவோம் என்று உட்கார்ந்தார். அதுவரை வெளியான படிக வடிவங்களிலிருந்து தூரங்களை எல்லாம் திரட்டி, சாதாரணமாக இவ்வளவு, மிஞ்சிப்போனால் இவ்வளவு என்று இரண்டு எல்லைகளை வகுத்தார்கள். அந்த எல்லைகளை வைத்துப் போட்டதுதான் 1963 வரைபடம். கொலாஜன் சண்டைக்காகச் செய்த தராசு, எல்லா புரோட்டீனுக்கும் தராசாகிவிட்டது. 1971-ல் ஏ.வி.லட்சுமிநாராயணனோடு எழுதிய வேறொரு கட்டுரை சி.டி. ஸ்கேன் கணக்குக்குப் பயன்பட்டது. (அதே யோசனையை ரேடியோ வானியலில் பிரேஸ்வெல்லும் ரிடிலும் 1967-லேயே சொல்லியிருந்தார்கள். இந்த வரிசைச் சண்டைக்கு முடிவே கிடையாது.) நோபல் வரவில்லை. 2001 ஏப்ரலில் சென்னையில் காலமானார்.

இதை எல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் முக்கால் மணி நேரம் அக்காவிடம் சொற்பொழிவாற்றினேன். அவருக்கே இப்படி என்றால் உன் நாலு என்ன பெரிய விஷயம் என்ற தோரணையில்.

அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "முடிச்சிட்டியா? 1952-ல அவருக்கு அந்த வேலை எப்படிக் கிடைச்சுதுன்னு படிச்சியா?" என்றாள்.

படித்திருந்தேன். துணைவேந்தர் லட்சுமணசுவாமி முதலியார் முதலில் கூப்பிட்டது ராமனை. ராமன் தான் வராமல் ராமச்சந்திரனைக் கைகாட்டினார். முப்பதைத் தொட்டும் தொடாத வயதில் ஒரு துறையே கைக்கு வந்தது.

"ஹெச்-இண்டெக்ஸ் கேக்கலை இல்ல? ராமன் சொன்னார், முதலியார் கேட்டார். ரெண்டு பேரும் நல்ல மனுஷங்க, தேர்வு சரியா அமைஞ்சுது. எனக்கு யார்டா ராமன்? சுரங்கத்துல ஷிப்ட் பார்த்தவர் பொண்ணு நான். எனக்காகப் போன் போடறதுக்கு ஒருத்தரும் கிடையாது. நீ அந்த நம்பரைத் திட்டறே. நம்பர் இல்லாத இடத்துல என்ன இருந்துதுன்னு யோசிச்சியா?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. இத்தனை நாள் இந்த எண் ஒரு முட்டாள்தனம் என்ற ஒரே கோட்டில்தான் போய்க்கொண்டிருந்தேன். கட் ஆஃப் இல்லாமல் இருந்திருந்தால் எனக்கே இன்ஜினியரிங் சீட் கிடைத்திருக்குமா என்பதும் அப்போது தோன்றியது. அண்ணா பல்கலைக்கழகக் கவுன்சிலிங்கில் அப்பா பெயரைச் சொல்லி சீட் வாங்கும் ஆள் இல்லை நாங்கள்.

"அப்ப என்னதான் வேணும்கிறே?" என்றேன்.

"பெருசா ஒண்ணும் இல்ல. அஞ்சாறு பேப்பர்தானே? ஒரு மணி நேரம் உக்காந்து படிக்கச் சொல்லு. படிச்சிட்டு வேணாம்னா வேணாம்னு சொல்லட்டும்."

வெங்கி ராமகிருஷ்ணன் நினைவுக்கு வந்தார். சிதம்பரத்தில் 1952-ல் பிறந்தவர். நெய்வேலியிலிருந்து முப்பது கிலோமீட்டர்தான். 2009-ல் அவருக்கு நோபல் கிடைத்தபோது பள்ளிக்கூடத்தில் காலை அசெம்பிளியில் 'நம்ம மாவட்டத்துக்காரர்' என்று அறிவித்துக் கைதட்டச் சொன்னார்கள். மூன்று வயதிலேயே பரோடா போய்விட்டவர் என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. ஊரே உறவு கொண்டாடி மின்னஞ்சல் அனுப்பித் தொல்லை செய்கிறது என்று அவர் நொந்துகொண்டது அப்புறம் வந்த செய்தி. அமெரிக்காவில் 1976-ல் இயற்பியல் பி.ஹெச்டி. முடித்துவிட்டு, இது நமக்கு ஆகாது என்று மறுபடி மாணவராகச் சேர்ந்து உயிரியல் படித்தார். ரைபோசோம் வேலையில் இறங்கிய பிறகு சுமார் 50 பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தும் ஒரு ஆசிரியர் வேலை கிடைக்கவில்லை. தேசிய ஆய்வுக்கூடங்களில் காலத்தை ஓட்டி, 1999-ல் சம்பளம் குறைவு என்று தெரிந்தே கேம்பிரிட்ஜ் மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்துக்குப் போனார். நீண்ட காலம் பிடிக்கும் வேலையைத் தொந்தரவு செய்யாமல் விட்டுவைக்கும் இடம் அது. அடுத்த வருடமே ரைபோசோமின் சின்னப் பாதியின் முழு வடிவம் வெளியானது.

இதை அக்காவிடம் சொல்லவில்லை. "அவர் 50 அப்ளிகேஷன், நான் இன்னும் 11தான்" என்று சொல்லுவாள். தெரியும்.

பெங்களூரில் ஒரு மருந்துக் கம்பெனியிலிருந்து அவளுக்கு ஒரு வேலை வந்திருக்கிறது. இப்போது வாங்குவதைப்போல மூன்று மடங்கு. இம்மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். அதற்குள் இன்னும் ஒரு கல்வி நிறுவனத்தில் இண்டர்வியூ பாக்கி. அந்த விண்ணப்பத்திலும் ஹெச்-இண்டெக்ஸுக்கு ஒரு கட்டம் இருக்கிறது. ஆனால் இவர்கள் சிறந்த மூன்று கட்டுரைகளின் முழுப் பிரதியையும் கேட்டிருக்கிறார்கள், படிப்பார்களோ என்னவோ. அக்கா அந்தப் பிரித்தெடுக்கும் கட்டுரையை முதலாவதாக வைத்திருக்கிறாள்.

போன வாரம் பிரேசிலில் யாரோ புண்ணியவான் அவளுடைய இன்னொரு பழைய கட்டுரையை சைட் செய்ததில் நாலு ஐந்தாகிவிட்டது. அம்மா அன்றைக்கு சேமியா பாயசம் வைத்தார். நூற்றுக்கு எத்தனை என்று இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.